தொண்ணூற்றெட்டு என்றால் போதுமா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மங்களூர் என்றதும் உங்களில் பலர் கர்நாடகத்துக் கடற்கரையையும், அங்கிருந்து வந்து நம் வீட்டுக் கூரைகளில் ஏறிய சிவப்பு ஓடுகளையும் நினைப்பீர்கள். நான் சொல்வது அந்த மங்களூர் அல்ல. கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கு மேற்கே, மக்காச்சோளமும் பருத்தியும் விளைகிற மானாவாரிப் பூமியில் இருக்கிற மங்களூர். ஊருக்கும் ஒன்றியத்துக்கும் அதே பெயர்தான். அந்த மங்களூருக்குச் சிவப்பு ஓடு பெருமை என்றால், எங்கள் பக்கத்து விருத்தாசலத்துக்கு வெள்ளைப் பீங்கான் பெருமை. இந்தச் சிவப்பும் வெள்ளையும் பின்னால் ஓரிடத்தில் வரும். நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒன்றியத்தில் ஒரு பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியன். சில ஆண்டுகளுக்கு முன் விளையாட்டு விழாவுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி 400 மீட்டர் ஓட்டத்தின் முதல் சுற்றிலேயே ஓரமாக உட்கார்ந்துவிட்டாள். "மூச்சு வாங்குது சார், நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றாள். கொரோனா இரண்டாம் அலை வீசிய 2021இல் வாங்கி முதலுதவிப் பெட்டியில் போட்டு வைத்திருந்த ஆக்ஸிமீட்டர் ஒன்று எங்களிடம் உண்டு. விரல் நுனியைக் கவ்விக்கொள்ளும் அந்தச் சிறு கருவியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அவள் விரலில் மாட்டினேன். 98 என்று காட்டியது.

"தொண்ணூற்றெட்டு இருக்கும்மா. உனக்கு ஒன்றும் இல்லை. சோம்பல்தான். எழுந்து ஓடு" என்றேன்.

எழுந்து ஓடினாள். பாதித் தூரத்தில் கண் இருண்டு விழுந்தாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். அங்கே இரத்தத்தைச் சோதித்துப் பார்த்துச் சொன்னார்கள்: ஹீமோகுளோபின் 8.1. அவள் வயதுப் பெண்ணுக்குக் குறைந்தது 12 இருக்க வேண்டும்.

பத்து வருடங்களுக்கு மேலாக இரத்த ஓட்டப் பாடம் நடத்தியவன் நான். கரும்பலகையில் சிவப்புச் சுண்ணக்கட்டியால் தமனியும் நீலச் சுண்ணக்கட்டியால் சிரையும் வரைந்து கை பழகியவன். அன்று அந்தக் கருவியின் எண் என்ன சொல்கிறது என்பது எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அந்த 98, எதில் 98?

எங்கள் ஊரில் அறுவடைக் காலத்தில் மக்காச்சோளம் ஏற்ற லாரிகள் வரிசை கட்டி நிற்கும். முப்பது லாரிகள் வருகின்றன என்று வையுங்கள். முப்பதும் நிரம்பிவிட்டால், "நூற்றுக்கு நூறு நிரம்பியது" என்று கணக்கப்பிள்ளை எழுதிக்கொள்வார். மறுநாள் பதினைந்து லாரிகளே வருகின்றன. அவையும் நிரம்பிவிடுகின்றன. அன்றும் அவர் எழுதுவது "நூற்றுக்கு நூறு"தான். ஆனால் போய்ச் சேர்ந்த சோளம் பாதி! ஆக்ஸிமீட்டர் அந்தக் கணக்கப்பிள்ளையைப் போன்றது. வந்த லாரிகளில் எத்தனை சதவீதம் நிரம்பியிருக்கிறது என்று பார்க்கும். எத்தனை லாரிகள் வந்தன என்று எண்ணாது.

கருவியைக் குறை சொல்லக்கூடாது. ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1974இல் அதன் தத்துவத்தை வெளியிட்டார். சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் விரல் வழியே செலுத்துவது; ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஏறாததும் இவ்விரு ஒளிகளையும் வெவ்வேறு அளவில் விழுங்குகின்றன; அந்த விகிதத்திலிருந்து சதவீதம் கிடைக்கிறது. நுரையீரல் தன் வேலையைச் செய்கிறதா என்று ஒரு சொட்டு இரத்தம் எடுக்காமல் சொல்லிவிடும். கொரோனாக் காலத்தில் கேள்வி அதுவாக இருந்தது, கருவியும் சரியான பதிலைத் தந்தது. அவோயாகி 2020 ஏப்ரலில், உலகமே அவர் கருவியைத் தேடி ஓடிக்கொண்டிருந்த வேளையில், காலமானார். அந்த மாணவி விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. நான் கேட்காமல் விட்டது அதைத்தான்.

இப்போது கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போமா? ஒரு கிராம் ஹீமோகுளோபின் முழுவதும் நிரம்பினால் ஏறத்தாழ 1.34 மில்லி லிட்டர் ஆக்ஸிஜனைச் சுமக்கும். 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் 15 கிராம் ஹீமோகுளோபின் இருந்தால், அந்த இரத்தம் சுமப்பது 20 மில்லி லிட்டர். 8.1 கிராம்தான் இருக்கிறதென்றால் 11 மில்லி லிட்டருக்கும் குறைவு. நுரையீரலில் குறையில்லை, காற்றில் குறையில்லை, சதவீதம் இரண்டிலும் 98. சுமை மட்டும் ஏறக்குறைய பாதி.

"சார், இரத்தம் தண்ணீர் மாதிரிதானே, ஆக்ஸிஜன் அதில் நேராகக் கரைந்து போகக்கூடாதா?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. கரையத்தான் செய்கிறது, ஆனால் 100 மில்லி லிட்டருக்கு வெறும் 0.3 மில்லி லிட்டர். வளர்ந்த ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தாலே நிமிடத்துக்கு 250 மில்லி லிட்டர் ஆக்ஸிஜன் செலவாகிறது. அதைக் கரைசலாக மட்டுமே கொண்டுபோவதென்றால் இதயம் நிமிடத்துக்கு 80 லிட்டருக்கு மேல் இரத்தத்தை இறைக்க வேண்டும். அது ஓய்வில் இறைப்பதோ 5 லிட்டர். மீதிச் சுமை முழுவதையும் ஏற்பது ஹீமோகுளோபின். ஒரு சிவப்பணுவுக்குள் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் அடைந்து கிடக்கின்றன. ஒவ்வொன்றிலும் நான்கு இரும்பு அணுக்கள். ஓர் இரும்பு அணு ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறைப் பிடிக்கும். உடம்பு முழுவதிலும் சிவப்பணுக்கள் சுமார் 25 லட்சம் கோடி. இவ்வளவு பெரிய போக்குவரத்து நடப்பது மொத்தம் இரண்டரை கிராம் இரும்பை வைத்துக்கொண்டு! ஒரு சிறிய ஆணி எடை.

இரும்பு என்றதும் விருத்தாசலம் நினைவுக்கு வருகிறது. அங்குள்ள பீங்கான் பட்டறை ஒன்றுக்கு ஒருமுறை மாணவர்களைக் கல்விச் சுற்றுலாவாக அழைத்துப் போயிருந்தேன். நெய்வேலிப் பக்கத்து வெள்ளைக் களிமண்ணை நம்பி வளர்ந்த தொழில் அது. அகல் விளக்கு, பொம்மை, மின்சாரப் பியூஸ் கட்டை என்று வரிசையாக அடுக்கியிருந்தார்கள். கரைத்த களிமண் கூழைக் காந்தங்களுக்கு இடையே ஓடவிட்டு இரும்புத் துகளைப் பிரித்தெடுப்பதைக் காட்டினார்கள். கொஞ்சம் இரும்பு தங்கிவிட்டாலும் வெந்த பீங்கானில் பழுப்புப் புள்ளி விழுந்துவிடுமாம். பீங்கான்காரருக்கு இரும்பு எதிரி. மங்களூர் ஓட்டுக்காரருக்கு அதே இரும்பு நண்பன். ஓட்டின் சிவப்பு இரும்பு ஆக்ஸைடு தந்த சிவப்பு. சூளையில் காற்று தாராளமாக நுழைந்தால் இரும்புள்ள மண் சிவக்கும். காற்றை அடைத்துப் புகை மூட்டினால் கறுக்கும். கீழடியிலும் ஆதிச்சநல்லூரிலும் கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளில் ஒரே பானையில் இரண்டு நிறமும் இருக்கக் காரணம் இந்தக் காற்று வித்தைதான்.

இரத்தத்திலும் ஆக்ஸிஜன் ஏறினால் பளீர்ச் சிவப்பு, இறங்கினால் கருஞ்சிவப்பு. (நீலம் அல்ல! சிரை நீலமாகத் தெரிவது தோலின் வழியே ஒளி போய்வருவதால். என் நீலச் சுண்ணக்கட்டி எத்தனை பேரை ஏமாற்றியதோ.) ஆனால் ஒப்புமையை இதற்கு மேல் இழுக்கக்கூடாது. ஓட்டில் இரும்பும் ஆக்ஸிஜனும் இறுகச் சேர்ந்துவிட்டன, துருப்பிடித்த ஆணியைப் போல, இனிப் பிரியாது. இரத்தத்தில் அப்படித் துருப்பிடித்தால் நம் கதை ஒரு சுற்றிலேயே முடிந்துவிடும். குளோபின் என்னும் புரதம் இரும்பு அணுவைத் தன் மடிப்புக்குள் ஒளித்து வைத்து, ஆக்ஸிஜன் வந்து ஒட்டவும் விலகவும் மட்டும் இடம் விடுகிறது. அந்த மடிப்பின் வடிவத்தைக் கண்டறிய மாக்ஸ் பெரூட்ஸ் இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார். 1962இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பட்டறையில் ஒரு மாணவன், "இந்தக் காந்தத்தைக் கையில் வைத்தால் இரத்தத்தை இழுத்துவிடுமா சார்?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல. 1936இல் லைனஸ் பாலிங்கும் சார்லஸ் கோரியலும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். ஆக்ஸிஜன் இறங்கிய ஹீமோகுளோபின் காந்தத்தால் மிக மிக மெல்லியதாக இழுக்கப்படுகிறது. ஆக்ஸிஜன் ஏறியதோ மெல்ல விலக்கப்படுகிறது. நுட்பமான கருவியில்லாமல் தெரியாத அளவு அது. ஆகவே காந்த வளையல் போட்டால் இரத்த ஓட்டம் சீராகும் என்று விற்பவரிடம் காசு கொடுக்காதீர்கள்.

சரி, ஏற்றிய சுமையை இறக்குவது எப்படி? ஆக்ஸிஜனை உறுதியாகப் பிடித்துக்கொள்ளும் ஹீமோகுளோபின் நல்ல ஹீமோகுளோபின் அல்ல. விட வேண்டிய இடத்தில் விட வேண்டும். எந்த இடத்தில் விட வேண்டும் என்று அதற்கு யார் சொல்வது? கரியமில வாயு சொல்கிறது. ஓடுகிற காலின் தசை அதிக ஆக்ஸிஜனை எரிக்கிறது. எனவே அதிகக் கரியமில வாயுவையும் அமிலத்தையும் வெப்பத்தையும் உண்டாக்குகிறது. இவை மூன்றும் ஹீமோகுளோபினின் பிடியைத் தளர்த்துகின்றன. எந்தத் தசை அதிகம் உழைக்கிறதோ அங்கே தானாகவே அதிக ஆக்ஸிஜன் இறங்கும். 1904இல் கோபன்ஹேகனில் கிறிஸ்டியன் போர் இதைக் கண்டுபிடித்தார். அணுவின் அமைப்பைச் சொன்ன நீல்ஸ் போரின் தகப்பனார் இவர். கரியமில வாயுவை வெறும் "கழிவு" என்று நம் பாடங்கள் ஒரே சொல்லில் தள்ளிவிடுவது எனக்குப் பிடிப்பதில்லை. கழிவாகப் போகும் வழியில் அது ஒரு சீட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறது.

அது போகும் விதமும் வேறு. பத்தில் ஏழு பங்குக் கரியமில வாயு, வாயுவாகப் போவதில்லை. சிவப்பணுவுக்குள் தண்ணீரோடு சேர்ந்து பை-கார்பனேட்டாக மாறி, இரத்தத்தின் நீரில் கரைந்து போகிறது. ஏறக்குறைய கால் பங்கு ஹீமோகுளோபினின் புரதப் பகுதியில் தொற்றிக்கொள்ளும், இரும்பில் அல்ல. மிச்சம் கொஞ்சம் நேராகக் கரையும். தண்ணீரோடு சேரும் வேலை தானாக நடந்தால் மிகவும் மெதுவாக நடக்கும். சிவப்பணுவோ நுண்குழலைக் கடக்க ஒரு நொடிதான் எடுத்துக்கொள்கிறது. இந்த வேலையைப் பல ஆயிரம் மடங்கு விரைவாக்கும் நொதி ஒன்று சிவப்பணுவில் இருப்பதை 1930களின் தொடக்கத்தில் கேம்பிரிட்ஜில் கண்டார்கள். நுரையீரலை அடைந்ததும் எல்லாம் தலைகீழாக நடக்கும். கோலி சோடாவின் குண்டைத் தட்டியதும் குபுகுபுவென்று வாயு வெளிவருகிறதல்லவா? ஏறக்குறைய அதுபோல் பை-கார்பனேட் மறுபடியும் கரியமில வாயுவாகி மூச்சில் வெளியேறுகிறது.

இப்போது அந்த மாணவிக்குத் திரும்புவோம். ஹீமோகுளோபின் 8.1 என்றால் அவள் எப்படி அத்தனை நாள் பள்ளிக்கு வந்தாள், பாடம் படித்தாள், வீட்டுக்குத் தண்ணீர் எடுத்தாள்?

உடம்பு வைத்திருக்கும் கையிருப்பால். ஓய்விலிருக்கும் ஆரோக்கியமான ஒருவரின் இதயத்துக்குத் திரும்பி வரும் "கெட்ட" இரத்தத்தில்கூட நான்கில் மூன்று பங்கு ஆக்ஸிஜன் மிச்சமிருக்கிறது. நிமிடத்துக்கு 1,000 மில்லி லிட்டர் புறப்பட்டுப் போகிறது, 250 செலவாகிறது. ஹீமோகுளோபின் பாதியானால் 500 போகும், 250 செலவாகும். உட்கார்ந்து பாடம் கேட்கக் குறையொன்றும் தெரியாது. ஓடச் சொன்னால்தான் குட்டு வெளிப்படும். அப்போது தசைகள் பல மடங்கு கேட்கும். இதயம் எவ்வளவு வேகமாக அடித்தாலும் பாதிச் சுமை ஏற்றிய இரத்தம்தான் போகும். அதுதான் அந்தப் படபடப்பு.

இதில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இனிமேல் சொல்லப்போவது. உடம்பில் இந்தக் குறைக்கு எச்சரிக்கை மணி கிடையாது. நாம் மூச்சைப் பிடித்துக்கொண்டால் சற்று நேரத்தில் தவிக்கிறோமே, அந்தத் தவிப்பை முக்கியமாக உண்டாக்குவது கரியமில வாயு. இரத்தசோகையில் கரியமில வாயு வழக்கம்போல வெளியேறுகிறது; எனவே மூளை பதறுவதில்லை. கழுத்துத் தமனி பிரியும் இடத்தில் அரிசி மணியளவு உறுப்பு ஒன்று ஆக்ஸிஜனைக் கண்காணிக்கிறது. அது பார்ப்பதோ இரத்தத்தில் நேராகக் கரைந்திருக்கும் ஆக்ஸிஜனின் அழுத்தத்தை. ஹீமோகுளோபின் சுமக்கும் மொத்த அளவை அல்ல. நுரையீரல் நன்றாயிருந்தால் அந்த அழுத்தமும் சரியாகவே இருக்கும். ஆக, மூளையும் "சரி" என்கிறது, கழுத்துக் காவலாளியும் "சரி" என்கிறார், விரலில் மாட்டிய கருவியும் "98" என்கிறது. எஞ்சுவது சோர்வு ஒன்றுதான். அந்தச் சோர்வுக்குத்தான் நாம் சோம்பல் என்றும் நடிப்பு என்றும் பெயர் வைத்திருக்கிறோம்.

இந்த மூன்று காவலாளிகளும் ஏமாறும் இன்னோர் இடம் கார்பன் மோனாக்சைடு. காற்றுப் போதாமல் கரி எரியும்போது உண்டாகும் வாயு அது, நிறமில்லை, மணமில்லை. ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலாக ஹீமோகுளோபினோடு ஒட்டிக்கொள்ளும், லேசில் விலகாது. சாதாரண ஆக்ஸிமீட்டர் இதையும் ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் என்று எண்ணி 98 என்றே காட்டும்! ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்காக மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளைப் படித்திருப்பீர்கள். தூக்கத்திலேயே போய்விடுகிறார்கள், மூச்சுத் திணறிக் கதவைத் தட்டுவதுகூட இல்லை. 1890களில் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு விஞ்ஞானி இந்த வாயுவைத் தாமே சுவாசித்துச் சோதனை செய்தார். சுரங்கங்களுக்குள் சிறு பறவைகளைக் கொண்டுபோகும் வழக்கம் அவருடைய யோசனையிலிருந்து வந்தது. 1957இல் இந்தியாவுக்கு வந்து நம் நாட்டவராகவே வாழ்ந்து மறைந்த ஜே.பி.எஸ். ஹால்டேன் அவருடைய மகன்தான். சூளைகள் உள்ள எங்கள் பகுதி மாணவர்களுக்குத் தனியாகச் சொல்லிவைக்கிறேன்: எரிந்துகொண்டிருக்கும் சூளை அறையின் கதகதப்பில் போய்ப் படுக்காதீர்கள்.

இரத்தசோகை ஒரு பெண்ணுக்கு மட்டும் வந்த துரதிர்ஷ்டம் என்று எண்ண வேண்டாம். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரை உள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அதாவது பாதிக்கு மேல். ஆண்கள் தப்பிவிடவில்லை, இந்திய அளவில் அவர்களில் நால்வருக்கு ஒருவர். விரல் நுனியில் எடுத்த இரத்தத்தைச் சோதித்ததால் இந்த எண்கள் கூடியிருக்கலாம் என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. அவர்கள் சொல்வது சரியாகவே இருக்கட்டும். அதிலிருந்து பத்து சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். வகுப்பில் எத்தனை பெஞ்சு மிஞ்சும்?

காரணத்தையும் கூச்சமில்லாமல் சொல்லிவிட வேண்டும். ஒரு மில்லி லிட்டர் இரத்தத்தில் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மாதவிலக்கில் முப்பது நாற்பது மில்லி லிட்டர் போனால் 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போகிறது. குடல் ஒரு நாளில் உறிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லிகிராம். அரிசிச் சோற்றையே நம்பிய சாப்பாட்டில் உள்ள இரும்பில் பத்தில் ஒரு பங்குகூட உடம்பில் சேர்வதில்லை. சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீ அதையும் தடுக்கும். செருப்பில்லாமல் கொல்லைக்குப் போகும் காலில் நுழையும் கொக்கிப்புழு குடலில் தங்கி நாள்தோறும் இரத்தம் குடிக்கும். வளரும் வயது வேறு. இரும்புக் குறைவு மட்டுமே காரணம் என்றும் சொல்லிவிட முடியாது. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே அரிவாள் வடிவச் சிவப்பணு நோய் இருப்பது 1952இலேயே தெரியவந்தது. அது பரம்பரையாக வருவது, அதற்கு வைத்தியம் வேறு. மாத்திரையை நாமே வாங்கிப் போட்டுக்கொள்வதைவிடச் சோதித்துப் பார்ப்பது முக்கியம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"பீட்ரூட் சாப்பிடு, இரத்தம் ஊறும்" என்று சொல்லாத வீடு உண்டா? பீட்ரூட்டின் சிவப்பு ஒரு தாவரச் சாயம். இரும்புக்கும் அதற்கும் உறவே இல்லை. மாதுளையும் அப்படித்தான். சிவப்பாக இருப்பதெல்லாம் இரத்தமாகும் என்றால் எங்கள் ஊர் செம்மண்ணைத் தின்னலாமே! வேடிக்கையாகச் சொல்லவில்லை, இரும்புக் குறைவு உள்ள பலருக்குப் பச்சரிசி, சிலேட்டுக்குச்சி, சாம்பல், மண் இவற்றைத் தின்னும் ஆசை வரும். யாராவது அப்படித் தின்றால் திட்டாதீர்கள். இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் இரும்புக்குப் பஞ்சமில்லை: கம்பு, கீரை வகைகள், பயறு, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஆட்டு ஈரலும் சுவரொட்டியும். இவற்றோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சையோ சேர்ந்தால் உறிஞ்சுவது கூடும்.

பள்ளியில் வாரத்துக்கு ஒன்று கொடுக்கிறார்களே, அந்த நீல மாத்திரை? 2018இல் மத்திய அரசு தொடங்கிய இரத்தசோகை ஒழிப்புத் திட்டப்படி அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் உண்டு. இந்தப் போலிக் அமிலத்தின் வரலாற்றில் நம் குன்னூருக்கும் ஒரு பங்கிருக்கிறது. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகளை வாட்டிய ஒருவகைச் சோகையை ஆராய்ந்தார். 1929இல் சில மாதங்கள் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும் வேலை செய்தார். கடைசியில் மலிவான ஈஸ்ட் சாறு அதைக் குணப்படுத்தக் கண்டார். அந்தச் சாற்றிலிருந்த பொருள்தான் பின்னால் போலிக் அமிலம் என்று பெயர் பெற்றது. அப்படி வந்த மாத்திரையை எங்கள் பள்ளி ஜன்னலுக்கு வெளியே பொறுக்கியெடுத்திருக்கிறேன், கை நிறைய. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், மலம் கறுக்கும், இதைக் கேட்டுப் பயந்து எறிகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் குமட்டல் குறையும். கறுப்பு நிறம், உறிஞ்சாமல் மிஞ்சிய இரும்பின் நிறம், ஆபத்தில்லை. இந்த இரண்டு வாக்கியங்களைச் சொல்லாமல் நாங்கள் மாத்திரையை மட்டும் நீட்டினோம் என்பது ஆசிரியர்களாகிய எங்கள் தவறு.

என் கருத்து இதுதான். உயரமும் எடையும் எழுதி வைக்கும் ஒவ்வொரு பள்ளியும் வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு மாணவரின் ஹீமோகுளோபின் எண்ணையும் எழுதி வைக்க வேண்டும். அந்த எண்ணை அவரவரிடம் தனியாகச் சொல்ல வேண்டும்; பலகையில் ஒட்டக்கூடாது. ஓட்டப் பந்தயத்துக்கு ஆள் எடுக்கும்முன் உடற்கல்வி ஆசிரியர் அதைப் பார்க்க வேண்டும். விரலில் குத்தினால் பிள்ளைகள் பயப்படுவார்கள் என்கிறார் எங்கள் ஆசிரியர் ஒருவர். கருவேல முள் குத்தி வளர்ந்த பிள்ளைகள் அவர்கள்! இன்னொருவர், "நம் பாட்டிமார் இதெல்லாம் பார்த்தா களை எடுத்தார்கள், நாற்று நட்டார்கள்?" என்றார். நட்டார்கள்தான். கையிருப்பைச் செலவழித்து நட்டார்கள். உடம்பு எத்தனை தூரம் குறையை மூடி மறைக்கும் என்று மேலே பார்த்தோமே. பிரசவத்தில் இரத்தம் போகும்போது அந்தக் கையிருப்பு இல்லாமல் எத்தனை பாட்டிமார் போனார்கள் என்பதையும் அவர் குடும்பத்தில் விசாரித்துச் சொன்னால் நல்லது.

பள்ளி செய்யும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனைக்குக் கட்டணம் கிடையாது. வீட்டில் அம்மாவையும் அழைத்துப் போங்கள். அவர் எண் உங்களுடையதைவிடக் குறைவாக இருந்தால் ஆச்சரியப்படமாட்டேன்.

அந்த மாணவியின் தாயார் முதலில், "அவ சின்ன வயசிலேருந்தே இப்படித்தான் சார், எப்பப் பாரு படுத்துக்கிட்டே இருப்பா" என்றார். டாக்டர் சொன்னபடி தினமும் மாத்திரை, பூச்சி மாத்திரை ஒரு முறை, சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேர இடைவெளி. ஒரு மாதத்தில் 9.4. மூன்றாம் மாதம் 11.3. விளையாட்டு விழா அதற்குள் முடிந்துவிட்டிருந்தது. அவளாகவே ஒரு மாலை மைதானத்தை ஒரு சுற்று ஓடிவிட்டு வந்து நின்றாள். பழக்க தோஷம், நான் ஆக்ஸிமீட்டரை எடுத்து விரலில் மாட்டினேன். 98 என்று காட்டியது.